பள்ளத்தாக்கைத் தாண்டாத பறவை: சோலைக்கிளி, ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சோலைக்கிளி என்பது கிளி இல்லை. பச்சை நிறம் கிடையாது, வளைந்த அலகு கிடையாது, சீட்டும் எடுக்காது. மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையும் 'கிளி'தான், அந்த வழியில் வந்த பெயர் இது. தமிழில் கேட்பவர்கள் எல்லோரும் மரப்பொந்தில் பஞ்சவர்ணத்தைத் தேடுகிறார்கள். ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லிச் சலித்துப்போய் நானும் இப்போது 'சோலைக்கிளி, ஆனால் கிளி இல்லை' என்றே ஆரம்பிக்கிறேன்.

அளவு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். மேலே மங்கிய கருநீலம். நீலகிரியில் இருப்பதற்கு விலாவும் வயிற்றின் பக்கவாட்டும் செங்கல் நிறம். பழனி மலை, ஆனைமலை, மூணாறு பக்கம் இருப்பதற்கு அந்தச் செங்கல் இல்லை, விலா வரை சாம்பல் நீலம் இறங்கி வயிற்றின் நடுவில் மட்டும் வெள்ளை. கால் நீளம், இறக்கை குட்டை. இந்தக் குட்டை இறக்கையை நினைவில் வையுங்கள். அறிவியல்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டு இந்தப் பறவையைத் தப்பான இடத்தில் வைத்திருந்ததற்கும் இறக்கை ஒரு காரணம், இன்று அது சிக்கலில் இருப்பதற்கும் அதே இறக்கை ஒரு காரணம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கொடைக்கானல் பக்கம் ஒரு சோலைக்குள் ஏப்ரல் மாத விடியலில் நின்றிருக்கிறேன். வெளியே புல்வெளியில் வெளிச்சம் வந்துவிட்டது, உள்ளே இன்னும் இருட்டு. மரம் முழுக்கப் பாசி, பாசியின் நுனியில் எல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர். மழை பெய்யவே இல்லை, மேகம் உள்ளே புகுந்து மரத்தில் தங்கி வடிகிறது. அப்போது முட்டி உயரத்தில் எங்கிருந்தோ பாட்டு வரும். மெல்லிய சீழ்க்கை, நடுவில் ஒரு கரகரப்பு, மறுபடி சீழ்க்கை, அப்புறம் வேறு மாதிரி ஒரு திருப்பம். நல்ல நீளமான பாட்டு. இவ்வளவு பாடுகிறதே, கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று மேலே பார்த்தால் ஏமாற்றம்தான். அரை மணி நேரம் நின்றபின் ஓடைக்கு அந்தப் பக்கம், உளுத்த கட்டை ஒன்றின் மேல் ஒரு நிழல் ஏறி நின்று, இரண்டு முறை கால் மடக்கி எழுந்து, இலைச்சருகுக்குள் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் தரிசனம். முழுதாகப் பறந்து நான் பார்த்ததே சில தடவைதான், அதுவும் இரண்டு மூன்று கெஜம், புதருக்குப் புதர்.

பூச்சி பிடிப்பது தரையிலும் தரையை ஒட்டியும். மரப்பொந்தோ மண்கரைப் பொந்தோ கிடைத்தால் பாசியை அடைத்துக் கூடு, பெரும்பாலும் இரண்டு முட்டை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குக் கீழே தேடுவது வீண். 1,500க்கு மேலே போனால்தான் நிம்மதியாகக் கேட்கலாம். வாழ்க்கை முழுக்க இருட்டு, ஈரம், குளிர். இந்த மூன்றும் தென்னிந்தியாவில் ஒன்றாகக் கிடைப்பது மலை உச்சிச் சோலைகளில் மட்டும்தான்.

பெயர் மாறிய கதை

நீலகிரிப் பறவையை முதலில் அறிவியலுக்குச் சொன்னவர் ஜெர்டன், 1840களில். மருத்துவராக வந்து பறவைக்காரராக ஆனவர். அவர் இதைச் செவ்வால் பறவைகளோடு சேர்த்தார். பழனி மலையில் இருந்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க் சேகரித்த வெள்ளை வயிற்றுக்காரனை 1860களில் பிளான்ஃபோர்டு தனி இனமாக விவரித்தார். அப்புறம் வந்தவர்கள் இரண்டையும் தூக்கி, இமயமலையில் இருக்கும் 'ஷார்ட்விங்' என்ற குட்டை இறக்கைக் கூட்டத்தில் போட்டார்கள். சாலிம் அலியும் ரிப்லியும் எழுதிய கையேட்டில் நீலகிரியும் பழனியும் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்கள். ஊட்டியில் பார்த்தவரும் கொடைக்கானலில் பார்த்தவரும் பட்டியலில் ஒரே பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்தது அருங்காட்சியகத்துப் பதப்படுத்திய உடல்கள். குட்டையான வட்ட இறக்கை, நீண்ட கால், மங்கிய நீலம், இருண்ட அடிக்காட்டில் தரையில் தத்தி வாழ்வது எல்லாம் இமயமலைக் குட்டை இறக்கைக்காரர்களோடு அப்படியே பொருந்துகிறது. யாராக இருந்தாலும் சொந்தக்காரர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் புதருக்குள் வாழும் பறவைக்கு நீண்ட இறக்கை இடைஞ்சல், சருகில் தத்துவதற்கு நீண்ட கால் வசதி. ஒரே மாதிரி வீட்டில் குடியிருப்பவர்கள் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள், ரத்த சொந்தம் தேவையில்லை.

2005இல் வந்த ராஸ்முசென், ஆண்டர்ட்டன் கையேடு இரண்டையும் மறுபடி தனி இனங்களாகப் பிரித்து, குட்டை இறக்கைக் கூட்டத்திலிருந்து எடுத்து வேறொரு பேரினத்தில் வைத்தது. அதுவும் தற்காலிக வாடகை வீடு என்று பின்னால் தெரிந்தது. 2017இல் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு மரபணுவை வைத்துப் பார்த்தபோது இந்தப் பறவை குட்டை இறக்கைக் கூட்டமே இல்லை என்பது உறுதியானது. இதன் நெருங்கிய உறவுகள் நீல நிற ஈப்பிடிப்பான் கூட்டத்தில் இருக்கின்றன. மரக்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றில் பூச்சி பிடிக்கிற வம்சம் அது. அந்த வம்சத்தில் ஒரு கிளை எப்போதோ தென்னிந்திய மலை உச்சிக்கு வந்து, கீழே இறங்கி, தரைப்பறவையாக மாறி, உருவமும் மாறிப்போயிருக்கிறது. அதனால் புதிதாக ஒரு பேரினமே உருவாக்கினார்கள்: ஷோலிகோலா. கோலா என்றால் லத்தீனில் குடியிருப்பது. நம்முடைய 'சோலை' ஆங்கிலத்துக்குப் போய் ஷோலா ஆகி, லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இது பிடித்த பெயர், ஏனென்றால் பறவையைப் பற்றி இருக்கிற ஒரே முக்கியமான உண்மை அதற்குள்ளேயே இருக்கிறது.

அதே கட்டுரை இன்னொரு பேரினத்தையும் உருவாக்கியது, இதே சோலைகளில் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு திரியும் சிரிப்பான்களுக்கு. ஒரே மலைத்தொடரில், ஒரே காட்டில், உலகில் வேறு எங்கும் இல்லாத இரண்டு பாடும் பறவைப் பேரினங்கள்.

பழைய பள்ளம்

இப்போது வரைபடத்தை மனதில் விரியுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வரும்போது இரண்டு இடத்தில் அறுபடுகிறது. ஒன்று பாலக்காட்டுக் கணவாய், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் பாலக்காடு போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலில் இரண்டு பக்கமும் தூரத்தில் மலை, நடுவில் வெயில் காயும் சமவெளி. இரண்டாவது செங்கோட்டைக் கணவாய், இது குறுகலானது. முதலாவதற்கு வடக்கே நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கத்து மலைகள். இரண்டுக்கும் நடுவில் ஆனைமலை, பழனி, மூணாறு, மேகமலை. இரண்டாவதற்குத் தெற்கே அகத்தியமலை.

2,000 மீட்டர் உயரத்தில் பாசிக்குள் பிறந்து, 20 அடி திறந்தவெளியைத் தாண்டவே யோசிக்கிற பறவை, இந்த 30 கிலோமீட்டர் வெயிலைத் தாண்டுமா? தாண்டவில்லை. மெல்லிய வலையை விடியலுக்கு முன்னே சோலைக்குள் கட்டி, சிக்கிய பறவையைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு விடுவிப்பார்கள். பறவைக்கு அது சில நிமிடத் தொந்தரவு. மலை மலையாகப் போய் அப்படிச் சேர்த்த சொட்டுகளை வைத்து 2010இல் ராபின் குழு வெளியிட்ட முடிவு: பாலக்காட்டுக் கணவாய்க்கு இருபுறமும் உள்ள பறவைகள் பிரிந்து மிக நீண்ட காலம் ஆகிவிட்டது. மனிதன் இங்கே வருவதற்கு வெகு முன்பு, லட்சக்கணக்கான ஆண்டுகள் என்ற கணக்கில். செங்கோட்டைக் கணவாயும் பிரித்திருக்கிறது. யானைகளிலேயே கணவாய்க்கு வடக்கும் தெற்கும் மரபணு வேறுபாடு காட்டுகின்றன என்றால், உள்ளங்கையளவு பறவையைச் சொல்லவேண்டுமா.

ஆகவே நீலகிரிச் சோலைக்கிளி தனி இனம், வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி தனி இனம். அகத்தியமலையில் இருப்பதை 2017இல் மூன்றாவதாக முன்வைத்தார்கள், சில பட்டியல்கள் அதை இன்னும் துணையினமாகவே வைத்திருக்கின்றன. பட்டியல்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், மலைக்கு அதனால் எதுவும் ஆகாது.

புதிய பள்ளம்

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். இயற்கை வெட்டிய பள்ளத்தில் பறவை பிரிந்தால் அது இன்னொரு இனமாகிறது, நாம் அதற்குப் பெயர் வைத்துச் சந்தோஷப்படுகிறோம். சரி, நூறு நூற்றைம்பது வருடத்தில் நாம் வெட்டிய பள்ளத்தில் பிரிந்தால்?

பழனி மலையைப் பற்றி 2018இல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு ஒன்று, 1970களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் மேல்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் காட்டியது. மரம் வளர்ப்புத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. சோலையும் குறைந்திருக்கிறது, ஆனால் பெரிய அடி புல்வெளிக்குத்தான். தோல் பதனிடப் பட்டைக்காக நட்ட சீகை (சீயக்காய் இல்லை, 'வாட்டில்' மரம்), விறகுக்கும் ரேயானுக்கும் நட்ட தைலமரம், பைன். நீலகிரியில் இது இன்னும் பழைய கதை, அங்கே தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் கூடச் சேர்ந்துகொண்டன.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. சோலை எப்போதுமே துண்டு துண்டாகத்தானே இருந்தது? மலை மடிப்பில், ஓடை ஓரத்தில் ஒரு திட்டு சோலை, சுற்றிலும் புல், அப்புறம் இன்னொரு திட்டு. உறைபனி விழும் இடத்தில் மரக்கன்று பிழைப்பது கஷ்டம், அதனால் அந்தப் புல்வெளி இயற்கையானது, யாரோ காட்டை வெட்டி உண்டாக்கியது இல்லை. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணில் இருக்கும் கார்பனை ஆராய்ந்து சுகுமார் குழு 1993இல் சொன்னதும் அதுதான்: 20,000 ஆண்டுகளாகவே புல்லும் மரமும் மாறி மாறி ஏறி இறங்கியிருக்கின்றன, வறண்ட காலத்தில் புல், ஈரமான காலத்தில் சோலை. ஆக இந்தப் பறவை தீவு தீவாக வாழப் பழகியது. பிறகு தேயிலை வந்தால் என்ன?

பதில், தூரத்திலும் நடுவில் கிடக்கும் நிலத்திலும் இருக்கிறது. பழைய திட்டுகள் ஓடையால் கோர்க்கப்பட்டவை. ஓடை ஓரத்துப் புதர், பெரணி, குறிஞ்சி இனத்துச் செடி என்று முட்டி உயர மறைவு தொடர்ந்து இருக்கும், பறவைக்குப் போதுமான தெரு அது. தேயிலைத் தோட்டத்தில் ஓடை வாய்க்காலாகிவிடுகிறது, கரை சுத்தம் செய்யப்பட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சைதான். தேயிலைத் தூருக்கு அடியில் குனிந்து பாருங்கள், வெறும் மண், ஒரு சருகு இருக்காது.

இது வெறும் ஊகம் இல்லை. 2015இல் வந்த ஆய்வு சோலைக்கிளியையும் சிரிப்பானையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, சமீபத்தில் காடழிந்து பிரிந்த திட்டுகளிலேயே மரபணுப் பிரிவு தெரிய ஆரம்பித்துவிட்டதைக் காட்டியது. 'தீவுக்குள் தீவு' என்று அதற்குத் தலைப்பு. மலை உச்சி ஏற்கெனவே தீவு, அதற்குள் நாம் போட்ட வேலி இன்னொரு தீவு.

பாட்டு இதைவிட வேகமாக மாறுகிறது. பாடும் பறவைக் குஞ்சுகள் பக்கத்தில் இருக்கும் பெரியவற்றைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. ஆகவே போக்குவரத்து நின்றால் இரண்டு ஊர்ப் பேச்சுபோல விலகிவிடும். சேதனா புருஷோத்தமும் ராபினும் 2016இல் வெளியிட்டது எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த ஆய்வு. ஆறு இடங்களில் 38 பறவைகளின் 835 பாட்டுகளைப் பதிவு செய்து, சுருதி எவ்வளவு, ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம், சுரங்கள் எந்த வரிசையில் என்று பிரித்துப் பார்த்தார்கள். பாட்டுகள் மூன்று பெரிய கூட்டமாகப் பிரிந்தன. அதைவிட முக்கியம், பழைய கணவாயால் பிரிந்த பறவைகளின் பாட்டு எந்த அம்சங்களில் வேறுபடுகிறதோ, காடழிப்பால் பிரிந்தவற்றின் பாட்டு அதே அம்சங்களில் வேறுபடவில்லை, வேறு அம்சங்களில் வேறுபடுகிறது. அதாவது புதிய பள்ளம் பழைய பள்ளத்தின் சின்ன நகல் இல்லை, அதற்கென்று ஒரு தனி விளைவு இருக்கிறது.

சிலர் இதைக் கேட்டு 'நல்லதுதானே, இன்னும் நாலு இனம் கிடைக்கும்' என்கிறார்கள். கிடைக்காது. கணவாய்க்கு இருபுறமும் பிரிந்தவை பெரிய பெரிய மலைகளில், போதுமான எண்ணிக்கையில், வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு பிரிந்தன. ஒரு எஸ்டேட்டுக்கு நடுவில் ஐந்து ஏக்கர் சோலையில் மாட்டிக்கொண்ட பத்துப் பறவைகள் இனமாவதற்கு முன்பு சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்ந்து தேய்ந்துபோகும். ஒரு வறட்சியோ ஒரு தீயோ போதும், வெளியிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. நீலகிரிச் சோலைக்கிளி ஏற்கெனவே சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். வெப்பம் ஏறினால் மேலே போகலாம் என்றால், தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதற்கு மேல் வானம்.

சீகையை வெட்டுவதா விடுவதா

இந்த ஆய்வில் எனக்கு முடிவாகச் சொல்ல முடியாத பகுதி ஒன்று உண்டு என்றால் இதுதான். அந்நியத் தாவரங்களை அகற்றி மலையை மீட்பது பற்றித் தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கையே வெளியிட்டது. புல்வெளிக்கு அது தேவை, சீகை விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருந்து முளைக்கும் சனியன், விட்டால் மீதிப் புல்லையும் மூடும். வரையாடும் நெட்டைக்காலி என்ற சின்னப் பறவையும் புல்லை நம்பி இருக்கின்றன, அந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பழைய சீகைத் தோட்டம் ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். நாற்பது ஐம்பது வருடம் யாரும் தொடாத இடத்தில், சோலைக்குப் பக்கமாக இருந்தால், சீகை நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வந்து நிற்கும். கிழட்டுச் சீகை சரிந்து விழும், அது மட்கி ஈரம் தங்கும், பாசி ஏறும். அங்கே சோலைக்கிளி பாடுவதை நானே கேட்டிருக்கிறேன். அதை ஒரே நாளில் பொக்லைன் விட்டுச் சுத்தம் செய்தால் கிடைப்பது புல்வெளி இல்லை, வெயில் படும் மண்ணும் அடுத்த தலைமுறைச் சீகை முளையும்தான். புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் சீகையைக் கன்றிலேயே பிடுங்கவேண்டும், தாமதமே கூடாது. ஆனால் இரண்டு சோலைக்கு நடுவில் இருக்கும் பழைய சீகையை, அடியில் வந்திருக்கும் சோலைக் கன்று ஆளுயரம் தாண்டும்வரை, கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் குறைப்பதுதான் சரி என்பது என் கட்சி. புல்வெளிக்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், தெரியும்.

கூடவே ஒன்று. போனில் பாட்டைப் போட்டுப் பறவையை வெளியே இழுத்துப் படம் எடுப்பது இப்போது அதிகமாகிவிட்டது. இடத்துக்கு உரிமை கொண்டாடும் பறவை எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு ஓடிவரும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தயவுசெய்து வேண்டாம். ஆய்வுக்காகச் சில தடவை போடுவதும், வார இறுதிக்குப் பத்துப் பேர் வரிசையாகப் போடுவதும் ஒன்றில்லை.

கடைசியாகப் போனபோது அப்படி இரண்டு சோலைக்கு நடுவில் இருக்கும் சீகைப் பட்டை ஒன்றில்தான் நின்றேன். அகலம் இருநூறு அடி இருக்கலாம். மரங்களில் மார்பு உயரத்தில் பட்டையைச் செதுக்கி வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதியிருந்தது, வெட்டுவதற்கு. 47ஆம் எண் மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு காட்டு நாவல் கன்று, துளிர் இன்னும் சிவப்பாக இருந்தது. அதற்குப் பின்னால் சருகு அசைந்தது. வெள்ளை வயிறு ஒரு நொடி தெரிந்தது, அப்புறம் 48, 49 என்று மரத்தடி மரத்தடியாகத் தத்திக்கொண்டே எதிர்ச் சோலைப் பக்கம் போனது.